பழைய வார்ப்பிரும்பு கெட்டில்: அடுப்பில் ஏற்றலாமா, அலமாரியோடு சரியா?

காரைக்குடி மருமகள்

முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு பழைய சாமான் கடையில வார்ப்பிரும்பு கெட்டில் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கேன். நல்ல கனம். வயிறு உருண்டை, அடி தட்டை, மூக்கு வளைஞ்சு மேல போகுது. ஒரு பக்கம் ஆங்கில எழுத்துல ‘கென்ரிக்’னும் ‘4 குவார்ட்ஸ்’னும் வார்ப்புலயே இருக்கு. வெளிய முழுக்கத் துரு. உள்ள பாதி சாம்பல் நிறம், பாதி செம்பழுப்பு. மூடி பத்திரமா இருக்கு, குமிழ் பித்தளை.

கடைக்காரர், “தேய்ச்சுட்டு எண்ணெய் தடவி தோசைக்கல்லு பழக்குற மாதிரி பழக்கிருங்க, தினம் டீ போடலாம்”ங்கறார். மாமியார், “இதுல டீ போட்டு யாருக்குக் குடுக்கப் போற?”ன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டாங்க. வீட்டுல நிஜமாவே இந்த மாதிரி கெட்டிலை அடுப்புல வெச்சுப் புழங்குறவங்க யாராவது இருக்கீங்களா? துருவை எப்படி எடுக்குறது, உள்ள என்ன செய்யுறது, எல்லாம் சொல்லுங்க.

சந்தேகப்பிராணி

ஏங்க, பட்டனைத் தட்டுனா மூணு நிமிஷத்துல தண்ணி கொதிக்கிற காலத்துல இது எதுக்கு? அந்தக் கனத்தைச் சூடாக்கவே பாதி சிலிண்டர் போயிரும். ஷோகேஸ்ல வெச்சு அழகு பாருங்க. சமையல்கட்டுக்குள்ள பழமை மோகம் வேண்டாம்னு நினைக்கிறேன்.

தோசைக்கல் தாத்தா

கடைக்காரர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. இரும்புன்னா எண்ணெய்தான் மருந்து. முதல்ல சாதம் வடிச்ச கஞ்சியை ஊத்தி ரெண்டு மூணு நாள் ஊற விடுங்க. தேங்காய் நார் போட்டுத் தேய்ங்க. நல்லெண்ணெய் தடவி சின்னத் தீயில காட்டுங்க. எங்க வீட்டுக் கல்லு மூணு தலைமுறையா அப்படித்தான் ஓடுது. உள்ளேயும் வெளியேயும் தடவணும்மா, மறந்துடாதே.

உலைக்களம்

கோயம்புத்தூர்ல வார்ப்படத் தொழில்ல இருக்கேன், பம்பு பாகங்கள்தான் வார்க்குறோம். மூணு விஷயம் சொல்றேன்.

சந்தேகப்பிராணி சார், சிலிண்டர் கணக்கு தப்பு. ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி ஏத்த சுமார் 0.45 கிலோஜூல் போதும், தண்ணிக்கு 4.18 வேணும். கெட்டில் 5 கிலோன்னு வெச்சுக்கிட்டாலும், அதைச் சூடாக்குறது கூடுதலா அரை லிட்டர் தண்ணி காய்ச்சுற செலவுதான். நாலு லிட்டர் காய்ச்சுறவங்களுக்கு அது பெருசில்ல. ஒரே ஒரு டம்ளர் தண்ணிக்கு இதை ஏத்துனா நீங்க சொல்றது நியாயம்.

அடுத்தது விரிசல். வார்ப்பிரும்புல 2 முதல் 4 சதவீதம் வரைக்கும் கார்பன் இருக்கு. அதனாலதான் சுமார் 1150, 1200 டிகிரியிலயே உருகி அச்சோட மூலை முடுக்கெல்லாம் பாயுது. அதே காரணத்துக்காகத்தான் நொறுங்கவும் செய்யுது. தேனிரும்பு அடிச்சா வளையும், இது வளையாது, உடையும். கெட்டிலைக் கைப்பிடியில தொங்க விட்டு விரல் கணுவால தட்டிப் பாருங்க. மணி மாதிரி நீளமா ஒலிச்சா நல்லது. ‘டொக்’குன்னு செத்த சத்தம் வந்தா எங்கேயோ மயிரிழை விரிசல் ஓடுது. எங்க பட்டறையில உள் பக்கம் மண்ணெண்ணெய் தடவி, வெளிப் பக்கம் சுண்ணாம்புத் தூள் பூசி வைப்போம். விரிசல் இருக்குற இடத்துல வெள்ளை நனைஞ்சு கோடு தெரியும். குடிக்கிற பாத்திரத்துக்கு மண்ணெண்ணெய் வேண்டாம். தண்ணி நிரப்பி நியூஸ்பேப்பர் மேல ராத்திரி முழுக்க வெச்சுருங்க, அது போதும். மூக்கு உடம்போட சேர்ற இடத்தை நல்லாப் பாருங்க, அங்கதான் முதல்ல போகும்.

மூணாவது, இது அசல்தானான்னு பார்க்கணும். உடம்புல அச்சு ரெண்டும் சேர்ந்த கோடு தெரியும். உருக்கிய இரும்பை உள்ள விட்ட வாய்க்காலோட தழும்பு அடியில நீளமா ஒரு மேடா இருந்தா பழைய வார்ப்பா இருக்க வாய்ப்பு அதிகம். கோட்டு மேல கிரைண்டர் சக்கரம் ஓடுன கீறல் இருந்தாலோ, மேற்பரப்பு சொரசொரன்னு மணல் மணலா இருந்தாலோ, துரு எல்லா இடத்துலயும் ஒரே ஆரஞ்சு நிறத்துல இருந்தாலோ சந்தேகப்படுங்க. உப்புத் தண்ணி தெளிச்சு ஒரே வாரத்துல நூறு வயசு ஏத்துற ஆளுங்க நம்ம ஊர்லயே இருக்காங்க.

பர்மிங்காம் பாண்டியன்

அக்கா, உங்க கெட்டில் பொறந்த ஊரு எனக்குப் பக்கம்தான். ஆர்ச்சிபால்ட் கென்ரிக் 1791-ல் வெஸ்ட் பிராம்விச்சுல ஆரம்பிச்ச கம்பெனி அது, ஸ்பான் லேன்ல பட்டறை. நிலக்கரியும் இரும்பும் கால்வாயும் ஒரே இடத்துல இருந்ததால அந்த ஊரைச் சுத்தி பானை, சட்டி, கெட்டில் வார்க்குறவங்க நிறைய. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துல இருந்த பல நாடுகளுக்குக் கப்பல்ல போச்சு. ஒரு துணுக்கு: இரண்டாம் உலகப் போர் ஆரம்பிச்சப்போ பிரிட்டிஷ் பிரதமரா இருந்த நெவில் சேம்பர்லினோட அம்மா இந்தக் கென்ரிக் குடும்பத்துப் பொண்ணு.

மணல் அச்சுல இரும்புப் பானை வார்க்குற முறைக்கு ஆபிரகாம் டார்பி 1707-லயே காப்புரிமை வாங்கிட்டார். அதுக்கு முன்னாடி பெரும்பாலும் வெண்கலம், பித்தளைச் சட்டிதான், விலை அதிகம். இரும்பு வந்த பிறகு கூலிக்காரன் வீட்டு அடுப்பு மேலயும் கெட்டில் ஏறிருச்சு. அந்தக் காலத்துல இங்க நிலக்கரி அடுப்பு நாள் பூரா எரியும், கெட்டில் அதன் ஓரத்துல நாள் பூரா உட்கார்ந்திருக்கும். பாத்திரம் கழுவ, துணி துவைக்க, பிள்ளைகளைக் குளிப்பாட்ட, எல்லாத்துக்கும் அதுல இருந்துதான் வெந்நீர். டீக்குத் தண்ணி மட்டும் அதுல இருந்து எடுத்து, பீங்கான் டீ பாட்ல இலையைப் போட்டு ஊத்துவாங்க. கெட்டிலுக்குள்ள டீத்தூள் போடுற பழக்கமே கிடையாது.

நாலு குவார்ட்ஸ்னா நாலரை லிட்டர். தண்ணி மட்டுமே நாலரை கிலோ, அதோட இரும்புக் கனமும் சேரும். நிரப்பித் தூக்கிச் சாய்ச்சு ஊத்திப் பாருங்க, மணிக்கட்டு பேசும். கணப்புல சங்கிலியில தொங்க விட்ட வீடுகள்ல, கெட்டிலைத் தூக்காமலே சாய்க்க நெம்புகோல் வெச்ச ஒரு கொக்கியே உண்டு.

முக்கியமான விஷயம், உள்ள இருக்குற அந்தச் சாம்பல் நிறம். இந்தக் கெட்டில்கள்ல பலதுக்கு உள்ள ஈயம் பூசியிருக்கும். பின்னாடி வந்த சிலதுல வெள்ளை எனாமல். வெறும் இரும்பா விட்டது குறைவு. உங்களுது ஈயம்தான்னு தோணுது. எண்ணெய் கிண்ணெய் தடவுறதுக்கு முன்னாடி அதை முதல்ல உறுதிப்படுத்துங்க.

தோசைக்கல் தாத்தா

ஈயம் பூசுன பாத்திரத்துல தானே நாங்கல்லாம் சாப்பிட்டு வளர்ந்தோம்? பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசாம சமைச்சதே இல்லையே.

ஈயச்சொம்பு

தாத்தா, அதுல ஒரு வித்தியாசம் இருக்கு. நம்ம ஊர்ல தெருவுல ஈயம் பூசுறவர் வருவாரே, துருத்தி போட்டுக் கரி அடுப்பை மூட்டி, பாத்திரம் காய்ஞ்சதும் நவச்சாரத்தைத் தூவி, புகை கிளம்பறப்போ வெள்ளீயக் கம்பியை ஒரு இழுப்பு இழுத்துப் பஞ்சால தேய்ப்பார், கண்ணாடியா பளபளக்கும். அந்த வெள்ளீயம் சுத்தமா இருந்தா ஒண்ணும் பண்ணாது, ரசம் வைக்கிற ஈயச்சொம்பே அதுதானே. ஆனா விலை குறைக்க விஷமான காரீயத்தைக் கலக்குறவங்க அப்பவும் உண்டு, இப்பவும் உண்டு. சீமையிலயும் அதே கதைதான். நூறு வருஷத்துக்கு முன்னாடி யாரோ பூசுனதுல எவ்வளவு கலந்திருக்குன்னு பார்வையில சொல்ல முடியாது.

இன்னொண்ணு. வெள்ளீயம் 232 டிகிரியில உருகிரும். ஈயச்சொம்பைத் தண்ணியில்லாம அடுப்புல வெச்சவங்களுக்குத் தெரியும், அடி அப்படியே ஓடிரும். கெட்டில்லயும் தண்ணி வத்தி ஒரு தடவை காய்ஞ்சிருந்தா உள்பூச்சு வழிஞ்சு அடியில மணி மணியாத் தேங்கியிருக்கும். உங்களுது பாதி சாம்பல், பாதி துருன்னு சொல்றது அப்படித்தான் படுது.

மறுபடி ஈயம் பூசிக்கலாம்னு யோசிக்காதே மருமகளே. வார்ப்பிரும்புல ஈயம் லேசுல ஒட்டாது. எங்க தெருக்காரர் பித்தளைன்னா ஓடி வருவார், வார்ப்பிரும்பைக் காட்டுனா கையை ஆட்டிட்டுப் போயிருவார்.

உலைக்களம்

அம்மா சொல்றது சரி. வார்ப்பிரும்போட கார்பன் கிராஃபைட் இதழா மேற்பரப்பு வரைக்கும் வந்து நிக்கும். அந்த இடத்துல ஈயம் பிடிக்காது.

செண்டாய் செந்தில்

வடக்கு ஜப்பான்ல இருக்கேன். இங்க வெறும் இரும்புக் கெட்டில் இன்னைக்கும் வீட்டுல ஓடுது, பேரு தெத்சுபின். பக்கத்து மாநிலம் இவாத்தேயில மோரியோகாவும் மிசுசாவாவும்தான் இதுக்குப் பேர் போன ஊர்கள். 1659-ல் அந்தப் பகுதியை ஆண்ட ‘நம்பு’ வம்சத்துப் பிரபு கியோட்டோவிலிருந்து கொயிசுமி குடும்பத்து வார்ப்பாளரை மோரியோகாவுக்கு வரவழைச்சார், தேநீர்ச் சடங்குக்கான பெரிய கொப்பரை வார்க்க. அதே பரம்பரையில மூணாம் தலைமுறைக்காரர்தான் 18-ம் நூற்றாண்டுல கொப்பரையைச் சின்னதாக்கி, மூக்கும் கைப்பிடியும் வெச்சுக் கெட்டில் ஆக்கினார்னு சொல்றாங்க. 1975-ல் அரசாங்கம் பாரம்பரியக் கைத்தொழில்னு அங்கீகாரம் குடுத்துச்சு. 1941-ல் போருக்காக உலோகம் திரட்டச் சட்டம் வந்தப்போ வீடுகள்ல இருந்த பழசு நிறைய உலைக்குப் போயிருச்சு. அதுக்குத் தப்பினதுக்குத்தான் இப்ப இவ்வளவு மவுசு.

இந்தக் கெட்டிலுக்கு உள்ள ஈயமும் இல்ல, எனாமலும் இல்ல. வார்த்து முடிச்சதும் கரி நெருப்புல 800 முதல் 1000 டிகிரி வரைக்கும் மறுபடி சுடுவாங்க. இரும்பு மேல கறுப்பு ஆக்சைடு படலம் ஒண்ணு உண்டாகும், அதுதான் காப்பு. அதனால உள்ள கை வைக்கவே கூடாதுன்னு சட்டம். நார் கூடாது, சோப்பு கூடாது, விரல் கூடப் போடாதீங்கம்பாங்க.

தாத்தா மன்னிக்கணும், எண்ணெயும் கூடாது. தோசைக்கல்லுல எண்ணெய் காய்ஞ்சு படலமாகி நிக்குது, ஏன்னா அதுல மறுபடி மறுபடி எண்ணெய்தான் படுது. கெட்டில்ல கொதிக்கிற தண்ணி அந்தப் படலத்தைச் சுரண்டி எடுத்துரும். தண்ணி மேல எண்ணெய் மிதக்கும், சிக்கு வாடை வரும். வெளிப் பக்கம் எப்படி வேணா பழக்குங்க.

உள்ள எண்ணெய்க்குப் பதிலா வேலை செய்யுறது சுண்ணாம்பு. தண்ணியில இருக்குற கால்சியம் கொதிக்கக் கொதிக்க உள்ள வெள்ளையாப் படியும். எலக்ட்ரிக் கெட்டில்ல இதைப் பார்த்தா எலுமிச்சை உப்பு போட்டு எடுப்போம். இங்க கனிமம் அதிகமான தண்ணியைத் தேடி வாங்கி வந்து வேணும்னே படிய விடுறாங்க. அது இரும்பை மூடிரும், துரு அடங்கும். நம்ம ஊர் போர்வெல் தண்ணி இதுக்கு ஏத்த தண்ணி! ஆர்.ஓ. தண்ணிதான் கெடுதல், கனிமம் இல்லாததால எதுவும் படியாது, இரும்பைத்தான் தின்னும்.

பர்மிங்காம் பாண்டியன்

இதுல வேடிக்கையைப் பாருங்க. செந்தில் ஊர்ல சுண்ணாம்பைத் தேடி வாங்குறாங்க, இங்க அதை விரட்டுறதுக்காகக் கெட்டிலுக்குள்ள சிப்பி ஓடும் கண்ணாடிக் கோலிக்குண்டும் போட்டு வெச்சாங்க. சுண்ணாம்பு சுவத்துல ஒட்டாம அதுல ஒட்டிக்கும்னு கணக்கு. பழைய கெட்டில் வாங்கி ஆட்டிப் பார்த்தா உள்ள கோலிக்குண்டு உருளுறது இங்க சகஜம்.

வடமராட்சி

எங்கட அம்மம்மா வீட்டிலும் இரும்புக் கேத்தில் ஒண்டு இருந்தது, விறகடுப்பிலதான். சுடுதண்ணி மட்டும்தான் அதில. ஒருநாள் மாமா பஞ்சியில தேயிலையையும் அதுக்குள்ளேயே கொட்டிப்போட்டார். தேத்தண்ணி கன்னங்கரேல் எண்டு மை போல வந்தது, வாயில வைக்கேலாத கயர். அம்மம்மா பேசின பேச்சு இப்பவும் காதில கிடக்கு. ஏன் அப்பிடிக் கறுத்தது எண்டு ஆருக்காவது தெரியுமோ?

ஆய்வகக்காரி

தேயிலையில இருக்குற டானின் இரும்போட சேர்ந்தா கறுப்பாகும், அவ்வளவுதான். நெல்லிக்காயை இரும்புச் சட்டியில போட்டா கறுக்குது, கடுக்காயும் இரும்பும் சேர்த்துத் துணிக்குக் கறுப்பு ஏத்துறாங்க, மருதாணியை டீ டிகாக்‌ஷன்ல குழைச்சு இரும்புச் சட்டியில ராத்திரி வெச்சுத் தலைக்குத் தேய்க்கிறோம். எல்லாம் ஒரே வேதியியல். விஷம் இல்ல, ருசிதான் போகும். அந்தத் தேநீர்ல இருக்குற இரும்புச் சத்தும் டானினோட கட்டிக்கிட்டுக் கிடக்கும், உடம்புல அதிகம் சேராது. “இரும்புக் கெட்டில் வாங்கினேன், ரத்தச்சோகைக்கு மாத்திரை வேண்டாம்”னு யாரும் கிளம்பிராதீங்க. வெறும் தண்ணியில இறங்குற இரும்பு கொஞ்சம்தான். புளி, தக்காளி மாதிரி புளிப்பு இருந்தாத்தான் நல்லா இறங்கும், கெட்டில்ல நாம ரசம் வைக்கப் போறதில்ல. தலசீமியா மாதிரி உடம்புல இரும்பு சேர்ற நோய் உள்ளவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கணும்.

காரைக்குடி அக்காவுக்கு: நான் கவலைப்படுறது காரீயத்தைப் பத்தித்தான். பெயிண்டுல காரீயம் இருக்கான்னு பார்க்குற ஸ்வாப் (பஞ்சுக் குச்சி) ஆன்லைன்ல கிடைக்குது. சாம்பல் இடத்துல தேய்ச்சா ரோஸ் நிறம் வந்தா காரீயம் இருக்கு, பேச்சே இல்ல. நிறம் வராட்டி ‘சுத்தம்’னு அர்த்தம் இல்ல, அந்த ஸ்வாப் அவ்வளவு நம்பகமானது இல்ல. அப்போ அதுல தண்ணியைக் கொதிக்க வெச்சு, ராத்திரி முழுக்க உள்ளயே விட்டு, அந்தத் தண்ணியை அங்கீகாரம் பெற்ற லேப்ல குடுங்க. குடிநீர்ல காரீயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுங்கறது இந்தியத் தரம். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா எல்லைக்கோட்டு முடிவைக் கூட நான் ஏத்துக்க மாட்டேன்.

சந்தேகப்பிராணி

இப்பத்தான் வழிக்கு வர்றீங்க. ஷோகேஸ்!

உலைக்களம்

அவசரப்படாதீங்க சார். வெறும் இரும்பா இருந்தாப் புழங்கலாம். அந்தக் கெட்டில் வெச்சிருக்கிறவங்களுக்காகத் துரு வேலையைச் சொல்லிடறேன், இதுல நிறையப் பேர் பாத்திரத்தையே கெடுத்துடறாங்க.

வெளித் துருவுக்கு வெள்ளை வினிகரும் தண்ணியும் சரிபாதி, இல்லேன்னா எலுமிச்சை உப்புக் கரைசல். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பித்தளை பிரஷ்ஷால தேய்ச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கணும். ராத்திரி ஊற வெச்சுட்டுத் தூங்கப் போனா அமிலம் துருவை முடிச்சுட்டு இரும்பைத் தின்ன ஆரம்பிக்கும், மேற்பரப்பு குழி குழியாயிரும். எடுத்ததும் கழுவி, உடனே அடுப்புச் சூட்டுல காய வைக்கணும். அஞ்சு நிமிஷம் விட்டாலே கண்ணெதிர்ல மஞ்சள் பூக்கும். ஆங்கிள் கிரைண்டர், சாண்ட் பிளாஸ்டிங் பக்கமே போகாதீங்க. எழுத்து மழுங்கிரும்.

உள் பக்கம் செதில் செதிலா உரியுற துருவை மட்டும் தட்டி எடுத்தாப் போதும்.

செண்டாய் செந்தில்

உள்ள இருக்குற மிச்சத்துக்கு இங்க ஒரு வைத்தியம் உண்டு. வடமராட்சி அண்ணரோட மாமா தெரியாமப் பண்ணதைத்தான் இங்க தெரிஞ்சே பண்றாங்க. கிரீன் டீ இலையைத் துணியில கட்டி, கெட்டில்ல தண்ணியோட போட்டு அரை மணி கொதிக்க விடுவாங்க. தண்ணி கறுத்துரும், கொட்டிருவாங்க. தண்ணி சிவக்காம வர்ற வரைக்கும் மறுபடியும். ஆய்வகக்காரி அக்கா சொன்ன அதே கறுப்புத்தான் துரு மேல படலமாப் பிடிச்சு நிக்கும். அப்புறம் கனிமத் தண்ணியைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொட்டினா வெள்ளை படியத் தொடங்கும். உள்ள செம்பழுப்புப் புள்ளி இருந்தாலும் தண்ணி தெளிவா வந்தாப் புழங்கலாம், அதுக்கு மேல நோண்ட மாட்டாங்க. வெறும் இரும்புக்கு மட்டும்தான் இது. ஈயம் பூசுனதுக்கு இல்ல.

தினப் புழக்கத்துல ரெண்டே கட்டுப்பாடு. காய்ஞ்ச சூட்டுல பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, வெடிக்கும். கொதிச்ச தண்ணியைப் பூரா பிளாஸ்க்குக்கு மாத்திட்டு மூடியைத் திறந்து வெச்சுருங்க, இருக்குற சூட்டுலயே உலர்ந்துரும். மிச்சத் தண்ணியை உள்ளயே விட்டுட்டுத் தூங்குற வீட்டுல இந்தக் கெட்டில் நிலைக்காது. இண்டக்‌ஷன்லயும் ஏறும், ஆனா அடி பட்டுன்னு சூடாகிக் கீறும், குறைஞ்ச அளவுல ஆரம்பிக்கணும்.

தோசைக்கல் தாத்தா

டீத்தூள் வைத்தியம் நல்லாருக்கு. ஆனா வெளிய எண்ணெய் தடவலாம்னு ஒத்துக்கிட்டீங்க இல்ல, அது போதும் எனக்கு.

காரைக்குடி மருமகள்

எல்லாருக்கும் நன்றி. தட்டிப் பார்த்தேன், நல்லா ஒலிக்குது, பேப்பர்ல ஒரு சொட்டு ஈரம் இல்ல. எழுத்து கூர்மையா இருக்கு, கிரைண்டர் தடமும் இல்ல. இதெல்லாம் பார்த்து சந்தோஷப்பட்டுட்டு ஸ்வாப் தேய்ச்சேன். சாம்பல் இடத்துல, மூக்கு ஆரம்பிக்கிற இடத்துக்கிட்ட, நல்ல ரோஸ். டார்ச் அடிச்சுப் பார்த்தா அடியில ஈயச்சொம்பு அம்மா சொன்ன மாதிரியே மணி மணியா உருகி நிக்குது. பிள்ளைங்க இருக்குற வீடு, அதனால குடிக்கிற தண்ணிக்கு இது இல்லைன்னு முடிவு பண்ணியாச்சு. மேல் தட்டுல ஏறிருச்சு. மாமியாருக்கு ஒரே சந்தோஷம்.

ஆனா ஆசை விடல. உள்ள பூச்சே இல்லாத கெட்டில் ஒண்ணு, ரெண்டு பேருக்குத் தண்ணி வைக்கிற அளவுல வேணும். ஆன்லைன்ல ‘ஜப்பானிய இரும்புக் கெட்டில்’னு கலர் கலரா வருதே, வாங்கலாமா?

செண்டாய் செந்தில்

கலர் கலரா வர்றதுல பெரும்பாலானது கெட்டிலே இல்ல அக்கா. உள்ள எனாமல் பூசின டீ பாட். இலையைப் போட்டு, வேற எதுலயோ காய்ச்சின தண்ணியை அதுல ஊத்தணும். அடுப்புல வெச்சா எனாமல் வெடிச்சு உரியும். உள்ள பளபளன்னு கண்ணாடி மாதிரி கறுப்பா இருந்தாலோ, கூடவே எவர்சில்வர் வடிகட்டிக் கூடை குடுத்தாலோ அது டீ பாட்தான். நெருப்புக்கானது உள்ள மங்கலா, சாம்பல் கலந்த கறுப்பா, சொரசொரன்னு இருக்கும். விற்கிறவர்கிட்ட “நேரா தீயில வைக்கலாமா, உள்ள எனாமல் உண்டா?”ன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. ஒரு லிட்டர், ஒண்ணேகால் லிட்டர் அளவு போதும்.

பழசுதான் வேணும்னா மூடியைத் திறந்து உள் படம் அனுப்பச் சொல்லுங்க. வெள்ளைப் படலம் இருந்தா யோசிக்காம எடுங்க, யாரோ நல்லாப் புழங்கின கெட்டில் அது. உள்ள புதுசா கறுப்புப் பெயிண்ட் அடிச்ச மாதிரி தெரிஞ்சா விட்டுருங்க. கியோட்டோ பழைய பட்டறைகளோட முத்திரை குத்தினதுன்னு விலையை ஏத்திச் சொன்னாலும் விட்டுருங்க, அந்த முத்திரைக்குப் போலி எக்கச்சக்கம், எனக்கே பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

பர்மிங்காம் பாண்டியன்

அக்கா, மேல் தட்டுல ஏத்தினதை இறக்கி ஒரு தடவை ஆட்டிப் பாருங்களேன். கோலிக்குண்டு இருந்தாலும் இருக்கும்.

காரைக்குடி மருமகள்

ஆட்டினேன் தம்பி. கடலைப் பருப்பு அளவுக்கு நாலஞ்சு சுண்ணாம்புக் கட்டிதான் விழுந்துச்சு. கோலிக்குண்டைக் கடைக்காரரே எடுத்துட்டார் போல.